சங்கு ஏன் ஊதவில்லை

“தப்பு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு குழலி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்,” என்றார் ஞானதுரை.

மலையேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

குழலி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“முதல்ல குடிங்க சார்.”

“குடிக்கிறதுக்கு வரல.”

“தெரியும். குடிங்க.”

குடித்தார்.

குழல்வாய்மொழி என்பது முழுப்பெயர். ஆபீசில் அதைச் சுருக்கிக் குழலி ஆக்கியிருந்தார்கள். அவர் ஒன்றும் சாமியார் இல்லை. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவர். மலை உச்சியில் ஒரு வயர்லெஸ் கோபுரம், இரண்டு அறை, ஏகப்பட்ட குரங்குகள். மேல்கரையிலிருந்து ஆற்றின் நீர்மட்டத்தை வாங்கிக் கீழே கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்புகிற நிலையம் அது. யாரும் போக விரும்பாத அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

அதற்கு முன்னால் ஞானதுரைக்குக் கீழே வேலை பார்த்தார். வெள்ளம் வந்தால் படித்துறையில் சங்கு ஊதுகிற சிஸ்டத்தில் பாதி அவர் எழுதியது. சைரன் என்று ஆபீசில் எழுதுவார்கள். ஊரில் அதற்குச் சங்கு என்றுதான் பெயர்.

துறையில் யாருக்காவது பிடிபடாத சிக்கல் வந்தால், “மலைக்குப் போய்க் கேளு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு மலைக்குப் போய்க் கேட்பார்கள்.

ஞானதுரை இதுவரை வந்ததில்லை. குழலியைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர். பெயரிலேயே ஞானம் இருந்தது. அதற்கு மேல் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

“படித்துறையில சங்கு ஊதல. அது உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஒரு பொம்பளையும் அவ மகளும் போயிட்டாங்க.”

“தெரியும் சார்.”

அன்றைக்குப் படித்துறையில் நல்ல வெயில். மழை மேலே மலையில்தான் பெய்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்வதற்குள் செந்தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்கள் விழுந்து எழுந்து கரையேறினார்கள். அந்தப் பெண் மகளைப் பிடிக்கப் போனாள்.

“புருஷன் பேரு இசக்கிராஜ். டவுன் பஸ் ஓட்டுதாரு. டியூட்டி முடிஞ்சதும் தினமும் நம்ம ஆபீசுக்கு வாராரு.”

“சத்தம் போடுதாரா?”

“போட்டாத் தேவலையே. வாசல் பெஞ்சுல உக்காந்திருப்பாரு. நான் வெளிய வந்ததும் எந்திரிப்பாரு. ‘சங்கு ஏன் சார் ஊதல?’ அவ்வளவுதான். நான் எதையாவது சொல்லுவேன். சரி சார்னு போயிருவாரு. மறுநாள் வந்து திரும்ப அதையே கேப்பாரு.”

“நீங்க என்ன சொல்லுதீங்க?”

“தொழில்நுட்பக் கோளாறுன்னேன். ரொம்பச் சிக்கலான சிஸ்டம், ஆராய்ச்சி நடக்குதுன்னேன். என்னத்தச் சொன்னாலும் தலையாட்டுதாரு.”

ஞானதுரை சொம்பைக் கீழே வைத்தார்.

“நேத்து மட்டும் கூட ஒரு வார்த்தை சொன்னாரு. ‘ஊத வேண்டிய அன்னைக்கு உங்க சங்கு ஊதல சார். மறுநாள் என் வீட்டு வாசல்ல ஊதினாங்க’ன்னாரு.”

குழலி முறத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

“அந்த மனுஷனுக்கு ஒரு பதில் வேணும். ஒரே வரி. இந்த ஒயர் அறுந்துச்சு, இந்த ஆள் தூங்கிட்டான், இந்த இடத்துல கணக்கு தப்பு. ஏதாவது ஒண்ணு. அவர் கையில குடுத்துட்டு நானும் ஒரு ராத்திரி தூங்கணும்.”

குழலி காலிச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

“ஒரு வேலை செய்யுங்க சார்.”

“சொல்லு.”

“அந்த சிஸ்டத்துல வேண்டாதது ஏதாவது ஒண்ணு இருக்கும். அதைக் கழட்டி இங்க எடுத்துட்டு வாங்க.”

“நான் தப்பைக் கேக்கேன். நீ வேண்டாததைக் கேக்க.”

“ஒண்ணு போதும்.”

ஞானதுரை எரிச்சலோடு இறங்கிப் போனார்.

*

கன்ட்ரோல் ரூமில் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறவர் ஆறுமுகநயினார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அவருக்கு மட்டும் அந்த நம்பிக்கை கிடையாது.

“மேல்கரையில சென்சார் ஒண்ணு பத்தாதா? ரெண்டாவது எதுக்கு?” என்று ஆரம்பித்தார் ஞானதுரை.

“முதலாவது பொய் சொல்லிட்டா சார்?”

“மூணாவது?”

“ரெண்டும் வேற வேற சொன்னா? எதை நம்புவோம்?”

“இது?”

“மழை எவ்வளவு பெய்யுதுன்னு பார்க்குது.”

“தண்ணி ஏறுதா இல்லையாங்கிறதுக்கு மழையை எதுக்குக் கேக்கணும்?”

“எதுக்கும் இருக்கட்டும்னு வச்சது சார்.”

ஒரு காலத்தில் இது எளிதாகத்தான் இருந்தது. மேல்கரையில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை ஏறினால் சங்கு ஊதும். ஒரு கோயில் கொடை அன்று மிதவையில் மரக்கிளை மாட்டிக்கொண்டு, வெள்ளமே இல்லாமல் சங்கு ஊதிவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஊரே இலையைப் போட்டுவிட்டு ஓடியது. ஒரு பெரியவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்த பயம் ஆபீசை இன்னும் விடவில்லை.

“இந்தச் சாம்பல் பெட்டி?”

ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார்.

“அது நான் வாரதுக்கு முன்னாலயே இருக்கு.”

“என்ன செய்யுது?”

“லைட் எரியுது சார்.”

“அதைத்தான் நானும் பார்க்கேன். வேலை என்ன?”

“தெரியல.”

“அப்போ கழட்டுவோம்.”

நயினார் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

“வேண்டாம் சார். மழை வேற வருதுங்காங்க. எதுக்கும் இருக்கட்டும்.”

ஞானதுரை திருப்புளியை வாங்கி முதல் திருகில் வைத்தார். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து இரண்டு ஒயர்கள் சுவருக்குள் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கே போயின என்று கேட்டார். நயினாருக்கும் தெரியவில்லை. ஞானதுரை திருப்புளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

புரோகிராமையாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தார். அதில் ஒரு பகுதிக்கு மேலே, ‘இதைத் தொடாதீர்கள்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். யார் என்று பார்த்தார். அவரே. எதற்காக அப்படி எழுதினோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. தொடவில்லை.

வெளியே வந்தபோது இசக்கிராஜ் பெஞ்சிலிருந்து எழுந்தார். காக்கிச் சட்டையில் டீசல் வாசம்.

“சங்கு ஏன் சார் ஊதல?”

“பார்த்துக்கிட்டிருக்கேன் இசக்கிராஜ்.”

“சரி சார்.”

*

அடுத்த முறை வெறுங்கையோடு மலையேறினார்.

“ஒண்ணும் கழட்ட முடியல. யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு. எதுக்கும் இருக்கட்டும், எதுக்கும் இருக்கட்டும். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.”

“நீங்க வச்சது ஏதாவது ஒண்ணை எடுத்திருக்கலாமே சார்.”

“நான் வச்சது எல்லாம் தேவையானது.”

குழலி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஞானதுரைக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“சரி. அன்னைக்கு என்ன நடந்துச்சு? சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க.”

“தண்ணி ஏறுச்சு.”

“ம்.”

“மூணு சென்சாரும் பார்த்துச்சு. மூணும் ஒண்ணு போலச் சொல்லிச்சு. சரியாத்தான் சொல்லிச்சு.”

“அப்புறம்?”

“ஏறின வேகம் ஜாஸ்தி. தண்ணி அவ்வளவு வேகமா ஏறாதுன்னு புரோகிராம்ல ஒரு வரம்பு இருக்கு. அதைத் தாண்டினா சென்சார்தான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். கொடை அன்னைக்குக் கிளை மாட்டினப்போ மிதவை அப்படித்தானே ஒரே தூக்காத் தூக்குச்சு. அதை நினைச்சு வச்சது.”

“வச்சது யாரு?”

“நான்தான். தப்பா?”

“இல்ல. நானா இருந்தாலும் வச்சிருப்பேன். அப்புறம்?”

“சென்சார் கெட்டுப்போச்சுன்னு தோணிச்சுன்னா, எல்லாத்தையும் ஒரு தடவை அணைச்சுத் திரும்பப் போட்டுப் பார்க்கும். ரீஸ்டார்ட். பாதிக் கோளாறு அதுலயே சரியாயிரும். நல்ல ஏற்பாடுதான்.”

“அதை வச்சது?”

ஞானதுரை குழலியைப் பார்த்தார்.

“நான்,” என்றார் குழலி. “தப்பா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“எந்திரிச்சுத் திரும்பப் பார்த்துச்சு. தண்ணி முன்னைவிட வேகமா ஏறிக்கிட்டிருந்துச்சு. நம்பல. திரும்ப ரீஸ்டார்ட். திரும்ப எந்திரிச்சுப் பார்த்துச்சு. திரும்பவும் நம்பல.”

அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது தூங்கல குழலி. கெட்டும் போகல. நாம சொன்னதை ஒரு எழுத்து பிசகாமச் செஞ்சுக்கிட்டிருந்துச்சு. தண்ணி படித்துறையைத் தாண்டிப் போற வரைக்கும், ஊதுறதுக்கு முன்னால எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துக்குவோம்னு பார்த்துக்கிட்டே இருந்துச்சு.”

கோபுரத்தின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இருவரும் அதையே பார்த்தார்கள்.

“இது உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டார் ஞானதுரை. இத்தனை வருடத்தில் குழலியை அவர் ‘உங்களுக்கு’ என்றது அதுதான் முதல் தடவை. சொன்னவர் கவனிக்கவில்லை.

“அன்னைக்கே.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“சரி பண்ணியிருப்பேன்.”

“எப்படி?”

“வரம்புக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் நடுவுல, ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கிற மாதிரி, இன்னொரு...”

நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க சார். இன்னொரு?”

சொல்லவில்லை.

“அப்படின்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவங்களைக் கொன்னுருக்கோம்,” என்றார் கடைசியில்.

“அப்படிச் சொல்லிக்கிட்டா நமக்குக் கொஞ்சம் ஆறும். அதுக்கும் வழியில்ல. இந்த ரெண்டும் சேர்ந்தா இப்படி ஆகும்னு இப்போ தெரிஞ்சுக்கிட்டோம். இன்னும் எதுவும் எதுவும் சேர்ந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. முன்னால முழு சிஸ்டமும் என் தலைக்குள்ள இருந்துச்சு. எதைத் தொட்டா எது அசையும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஒரு நாள் காலையில ஆபீசுக்கு வந்து உக்காந்தேன். தலைக்குள்ள அது இல்ல. அதுபாட்டுக்கு நம்மளை எல்லாம் விட்டுட்டு வளர்ந்து போயிருச்சு. அன்னைக்குத்தான் இந்த இடத்தைக் கேட்டு எழுதிக் குடுத்தேன்.”

“எல்லாரும் உங்களுக்கு ஞானம் வந்துட்டதாப் பேசிக்கிட்டோம்.”

“பயந்து ஓடி வந்தேன் சார். வேற ஒண்ணும் இல்ல.”

*

ஞானதுரை எழுந்து பாறை விளிம்புக்குப் போனார். உட்கார முடியவில்லை.

அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் மேல்கரை தெரிந்தது. ஆறு வளைந்து திரும்பி, பாலத்துக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் படித்துறை வரைக்கும் போவது தெரிந்தது. படித்துறையில் ஆட்கள் புள்ளி புள்ளியாக இருந்தார்கள். இரண்டு பேரைக் கொண்டுபோன ஆற்றில்தான் மறுபடியும் துவைத்தாக வேண்டும். வேறு ஆறு இல்லை.

“இங்கேருந்து எல்லாம் தெரியுதே,” என்றார்.

“தெரியும்.”

அவர் திரும்பினார்.

“அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“இதே பாறையில. துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன்.”

“தண்ணி வந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். செவசெவன்னு வளைவுல திரும்புச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணினேன்.”

“தண்ணி வருதுன்னு சொன்னீங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“சிஸ்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டேன்.”

ஞானதுரை அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

“ரீஸ்டார்ட் ஆகுது, கொஞ்சம் இருங்க மேடம்னாங்க,” என்றார் குழலி. “இருந்தேன்.”

அதற்கு மேல் அவர் அழுதுவிடுவார் என்று ஞானதுரை நினைத்தார். அழவில்லை. எழுந்து பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனார். எதையோ இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

கைச்சங்கு. இரும்புக் கால், உருண்டையான வயிறு, பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிடித்துச் சுற்றினால் ஊதும். சிஸ்டம் வருவதற்கு முன்னால் ஆற்றங்கரையில் இருந்தது. இனி வேண்டாம் என்று இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இப்போது துரு போகத் தேய்த்து எண்ணெய் விட்டிருந்தது.

“இங்கேருந்து சுத்தியிருந்தாலும் படித்துறைக்குக் கேட்டிருக்காது,” என்றார் ஞானதுரை. ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

குழலி கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார்.

முதலில் முனகியது. பிறகு ஏறி ஏறி மலை முழுக்க அலறியது. குரங்குகள் தாவி ஓடின. ஞானதுரை காதைப் பொத்திக்கொண்டார்.

கீழே புள்ளிகள் அசைந்தன. தண்ணீரிலிருந்து ஒவ்வொன்றாகப் படியேறின. ஒரு புள்ளி பாதிப் படியிலிருந்து திரும்ப இறங்கி, ஒரு சின்னப் புள்ளியைத் தூக்கிக்கொண்டு ஏறியது. படித்துறை காலியானது.

குழலி கையை எடுத்தார். சத்தம் இறங்கி அடங்கியது.

ஞானதுரையின் போன் அடித்தது. ஆறுமுகநயினார்.

“சார், எங்கயோ சங்கு ஊதுது. சிஸ்டத்துல ஒண்ணும் காட்டல. அது நிஜச் சங்கா சார்?”

ஞானதுரை போனை அணைத்தார்.

“இதுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் குழலி.

“கண்ணு. ஒரு கை.”

“வேற?”

“வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எடுத்துட்டுப் போங்க.”

பல நாட்களுக்குப் பிறகு ஞானதுரைக்கு நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

“பாலத்துல வைக்கேன். அங்க நின்னா வளைவு வரைக்கும் தெரியும். ஒரு ஆளைப் போடுதேன். தண்ணியைப் பார்த்தாச் சுத்தணும். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்னு உங்களால விட முடியுமா சார்?”

“முடியும்.”

“எனக்கு முடிஞ்சதில்ல,” என்றார் குழலி.

*

அன்று மாலை பெஞ்சில் இசக்கிராஜுக்குப் பக்கத்தில் ஞானதுரை உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். மிதவை, மூன்று சென்சார், வரம்பு, ரீஸ்டார்ட். எதையும் மறைக்கவில்லை. பாதியில் அழுதார்.

இசக்கிராஜ் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சுச்சு.”

“ஆமா.”

“யார் மேலயும் தப்பு இல்ல.”

“அப்படித்தான் வருது இசக்கிராஜ்.”

“பிரேக் பிடிக்கலன்னாக் கூட எனக்குப் புரியும் சார். எல்லாம் சரியா இருந்து வண்டி எப்படிக் கவுந்துச்சுன்னு புரியல.”

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்கு வாரேன் சார்.”

*

கூட்டத்தில் பெரிய அதிகாரி கைச்சங்கு யோசனையைக் கேட்டு உடனே பாராட்டினார்.

“அருமை. சிஸ்டத்தோட சேர்த்துருவோம்.”

“சேர்க்க வேண்டாம் சார். அது தனியா இருக்கட்டும்.”

“தனியான்னா? போற வர்றவன் எவனாவது விளையாட்டுக்குச் சுத்திட்டான்னா? போன வாரம் எவனோ எங்கயோ சங்கு ஊதி, படித்துறையில இருந்த சனமெல்லாம் ஓடியிருக்கு. இன்னும் ஆளைப் பிடிக்கல.”

ஞானதுரை மேசையைப் பார்த்தார்.

ஒரு பூட்டு போடுவது என்று முடிவானது. சாவி தொலைந்துபோனால்? இன்னொரு சாவி ஆபீசில். ஊதுவது சிஸ்டத்துக்குத் தெரிய வேண்டாமா? கைப்பிடியில் ஒரு சென்சார். அது கெட்டுப்போனால்? அதற்கும் ஒரு ஏற்பாடு. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. தலையாட்ட முடியாதபடி ஒன்றாவது யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஞானதுரை காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுக்குப் பிறகும் அதிகாரி இழுத்தார்.

“ஒரு தனி ஆள் முடிவெடுத்து ஊதுறது... நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? அடுத்த மாசக் கூட்டத்துல பேசலாமே.”

அடுத்த மாதம் என்றால் மழை வந்துவிடும். ஞானதுரைக்குப் பதறியது. கைக்கெட்டியது போய்விடக் கூடாது.

“சுத்துறதுக்கு முன்னால கன்ட்ரோல் ரூம்ல ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லிருவோம் சார்,” என்றார்.

அதிகாரியின் முகம் தெளிந்தது.

“அது. அப்போ சரி.”

அனுமதி கிடைத்துவிட்டது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்தபடி ஞானதுரை வெளியே வந்தார். இசக்கிராஜ் எழுந்து நின்றார். அன்றைக்கு மட்டும் வேறு கேட்டார்.

“பாலத்துல நிக்க ஆள் வேணுமாமே சார்.”

“ஆமா.”

“மழை முடியுற வரைக்கும் டிப்போல லீவு சொல்லிட்டேன். நான் நிக்கேன்.”

ஞானதுரை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

*

பாலத்தில் காற்று அடித்தது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது.

கைச்சங்கைக் கைப்பிடிச் சுவரோரம் நட்டிருந்தார்கள். புதிதாகப் பச்சை வண்ணம். பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு விளக்கு எரிந்தது.

இசக்கிராஜ் சுற்றி வந்து பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். தன் வண்டியைத் தொடுவது போலத்தான் தொட்டார்.

“எப்ப சார் சுத்தணும்?”

“வளைவையே பார்த்துக்கிட்டிருங்க. தண்ணி நிறம் மாறினா, இரைச்சல் கேட்டா.”

“உடனே?”

“உடனே கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போடுங்க.”

“போட்டு?”

“சிஸ்டம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க.”

“கேட்டு?”

“அவங்க சரின்னதும் பூட்டைத் திறந்து சுத்துங்க.”

இசக்கிராஜ் ஆற்றைப் பார்த்தார். கீழே படித்துறையில் யாரோ துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் கேட்டது.

“தண்ணி வாரதை நான் கண்ணால பார்த்துட்டேன். அப்புறமும் கேக்கணுமா?”

“ஆமா.”

“ஏன் சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. தினமும் பெஞ்சிலிருந்து எழுந்து கேட்கிற அதே குரல்தான்.

“எதுக்கும் இருக்கட்டும்னுதான்,” என்றார் ஞானதுரை.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

இசக்கிராஜ் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

“இத்தனை நாளா இதைத்தானே சார் கேட்டேன்,” என்றார். “முதல் நாளே சொல்லியிருக்கலாமே.”